வட்ட விளக்கு வண்டிகளும் தினசரி அலுவலகப் பயணமும்

பழைய பாணி மோட்டார் சைக்கிள் என்றாலே, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய் இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்பும் கூட்டத்தின் வண்டி என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. விளம்பரங்களும் மலைப்பாதை, மூடுபனி, தோல் ஜாக்கெட் என்று அதே படத்தையே திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. ஆனால் வட்டமான ஹெட்லைட்டும் உருண்டு திரண்ட பெட்ரோல் டேங்க்கும் கொண்ட அந்தத் தோற்றம் எந்த வண்டிகளிடமிருந்து வந்ததோ, அந்த வண்டிகள் உழைப்பதற்காகவே செய்யப்பட்டவை. பால் கேன்களையும், காவல் துறை ஆய்வாளர்களையும், மனைவி மக்களோடு கோயிலுக்குப் போகும் அரசு ஊழியர்களையும் அவை சுமந்திருக்கின்றன. ஆகவே இந்தப் பாணியில் இன்று விற்பனைக்கு வரும் வண்டிகளைப் பார்க்கும்போது, பழைய வண்டியின் முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்களா, அல்லது அதன் உழைக்கும் குணத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்களா என்பதையே நான் முதலில் பார்க்கிறேன்.

மேடவாக்கத்திலிருந்து கிண்டிக்கு வேலை நாள்களில் சென்று வருபவன் என்ற முறையில், வரியும் காப்பீடும் சேர்ந்த ஆன்ரோடு விலை இரண்டேகால் லட்சத்துக்குள் அடங்கும் வண்டிகளைப் பற்றியே பெரும்பாலும் இங்கே எழுதுகிறேன். அதற்கு மேலே உள்ள 650 சிசி வண்டிகள் அழகானவை என்பதில் ஐயமில்லை. பள்ளிக்கரணைப் பக்கம் மாலை ஆறு மணிக்கு நிற்பதற்கு அவை தேவையில்லை.

சற்றே பின்னோக்கிப் போனால் விஷயம் தெளிவாகும். 1950களின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்காக இந்திய ராணுவம் 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்து 800 வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. அந்தத் தேவையை ஒட்டி, 1955இல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா என்ற நிறுவனத்தைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. மைசூரில் ஐடியல் ஜாவா 1961 முதல் செக்கோஸ்லோவாகிய வடிவமைப்பில் 250 சிசி டூ-ஸ்ட்ரோக் வண்டிகளைத் தயாரித்தது. அதுவே பின்னர் யெஸ்டி ஆயிற்று. இங்கிலாந்தின் தாய் நிறுவனம் மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூரில் புல்லட் ஏறத்தாழ அதே வடிவத்தில் தொடர்ந்து உருவாகிக்கொண்டிருந்தது. அது பழமைப் பற்றினால் நேர்ந்ததென்று நான் நினைக்கவில்லை. போட்டி குறைவாக இருந்த, இறக்குமதிக்கும் உரிமங்களுக்கும் கட்டுப்பாடு நிறைந்திருந்த சந்தையில் மாற்ற வேண்டிய அவசியமே எழவில்லை.

அந்த அவசியம் 1980களின் நடுவில் வந்தது. ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி, தொடர்ந்து ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100 என்று ஜப்பானியத் தொழில்நுட்பத்தில் வந்த 100 சிசி வண்டிகள், லிட்டருக்கு இரண்டு மடங்கு தூரம் ஓடி, உதைத்தவுடன் உயிர்பெற்று, கனமான பழைய வண்டிகளைத் தினசரிப் பயன்பாட்டிலிருந்து மெல்ல மெல்ல வெளியேற்றின. 1996இல் மைசூர்த் தொழிற்சாலை மூடப்பட்டது. என்ஃபீல்டை 1994இல் ஐஷர் வாங்கியது. அந்தப் பிரிவும் மூடப்படலாம் என்ற நிலை 2000ஆம் ஆண்டு வாக்கில் இருந்தது. பின்னர் 2009இல் கிளாசிக் 350 வந்தது. 1948ஆம் ஆண்டின் ஜி2 மாடலின் சாயலில் உடம்பு, இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் அமைந்த புதிய இயந்திரம் என்ற அந்தச் சேர்க்கைதான் இன்று நாம் காணும் இந்த முழுச் சந்தையையும் திறந்துவிட்டது. அதன் வெற்றியைப் பார்த்த பிறகே ஜாவா 2018லும், ஹோண்டாவின் ஹைனெஸ் சிபி350 2020லும், யெஸ்டி 2022லும் வந்தன.

இனி இயந்திரத்துக்கு வருவோம். இந்த வண்டிகளின் குதிரைத்திறனைப் பார்த்துப் பலர் உதட்டைப் பிதுக்குகிறார்கள். 349 சிசி இன்ஜின் 20 குதிரைத்திறன்தான் கொடுக்கிறது என்றால், அதைவிட அதிகமாக 200 சிசி வண்டி ஒன்றே கொடுத்துவிடுகிறதே என்பது அவர்கள் கேள்வி. கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் நகரத்துக்குள் நாம் செலவிடுவது பெரும்பாலும் குதிரைத்திறனை அன்று, சக்கரத்தைச் சுழற்றி இழுக்கும் விசையான டார்க்கை. ராயல் என்ஃபீல்டின் இப்போதைய ஜே வரிசை இன்ஜின் 27 நியூட்டன் மீட்டர் டார்க்கை 4,000 ஆர்பிஎம்மிலேயே, அதாவது நிமிடத்துக்கு 4,000 சுற்று சுழலும்போதே, தருகிறது. ஹோண்டா சிபி350 அதையும் தாண்டி 30 நியூட்டன் மீட்டரை 3,000 ஆர்பிஎம்மிலேயே கொடுத்துவிடுகிறது. இதற்கு மாறாக, ட்ரையம்ஃப் ஸ்பீடு 400 கொடுக்கும் 37.5 நியூட்டன் மீட்டர் முழுமையாகக் கிடைப்பது 6,500 ஆர்பிஎம்மில்தான். இந்த எண்களுக்கு நடைமுறையில் என்ன பொருள் என்றால், வேகத்தடையில் இரண்டாவது கியருக்கு இறங்கி, மீண்டும் மூன்று, நான்கு என்று ஏறிக்கொண்டிருக்கும் இடது காலுக்கும் கிளட்ச் பிடிக்கும் இடது கைக்கும் எவ்வளவு வேலை மிச்சமாகிறது என்பதுதான். நான்காவது கியரில் 35 கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கினாலும் திணறாமல், ஆக்சிலரேட்டரைத் திருகியவுடன் இழுத்துச் செல்லும் இன்ஜின், நெரிசலில் ஒரு மணி நேரம் ஓட்டுபவருக்குப் பெரிய உதவி.

இந்தக் குணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் ஒரு வேடிக்கையான செய்தி கிடைக்கிறது. சிலிண்டரின் விட்டம் சிறிதாகவும், பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் நீளமாகவும் இருக்கும்போது இன்ஜின் மிகுந்த வேகத்தில் சுழலாது. ஆனால் குறைந்த சுழற்சியிலேயே நன்றாக இழுக்கும். கூடவே, இன்ஜினோடு சேர்ந்து சுழலும் கனமான ஃபிளைவீல் இருந்தால், ஒவ்வொரு வெடிப்புக்கும் இடையிலுள்ள இடைவெளியில் வண்டி தள்ளாடாமல் உருண்டுகொண்டே இருக்கும். பழைய புல்லட் 350இன் விட்டமும் நீளமும் 70 மில்லிமீட்டரும் 90 மில்லிமீட்டருமாக இருந்தன. 2020இல் ஜப்பானியர்கள் உட்கார்ந்து புதிதாக வடித்த ஹோண்டா சிபி350இன் அளவுகளும் கிட்டத்தட்ட அவையே: 70க்கு 90.5. ராயல் என்ஃபீல்டோ அதே காலத்தில் தன் புதிய இன்ஜினை 72க்கு 85.8 என்று மாற்றிக்கொண்டது. அதாவது, திருவொற்றியூர் புல்லட்டின் பழைய கணக்கை இன்று கையில் வைத்திருப்பது ஹோண்டாதான்! புல்லட் ரசிகர்களிடம் இதைச் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள்.

பழைய நீண்ட ஸ்ட்ரோக் இன்ஜின்களுக்கு அதிர்வு என்ற பெரும் குறை இருந்தது. அறுபதைத் தாண்டினால் கைப்பிடியும் கால்மிதியும் நடுங்கும். கண்ணாடியில் பின்னால் வருவது லாரியா பேருந்தா என்பதே தெரியாது. நட்டும் போல்ட்டும் தாமாகவே கழன்று விழும். ஜே வரிசை இன்ஜினிலும் ஹோண்டாவிலும் பேலன்சர் ஷாஃப்ட் ஒன்று எதிர்த்திசையில் சுழன்று அந்த அதிர்வின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. ‘டுக்கு டுக்கு’ சத்தம் குறைந்துவிட்டது என்று வருந்துகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சத்தத்தின் பெயரால் சைலன்சரைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்திக்கொண்டு, இரவு பதினொரு மணிக்குக் குடியிருப்புத் தெருவில் நுழைபவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. அது சட்டப்படியும் குற்றம்.

டார்க்குக்கு அடுத்தபடியாக நான் எடையைப் பார்க்கிறேன். உண்மையில் வாங்கும்போது இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஸ்பிளெண்டரின் எடை 112 கிலோ. கிளாசிக் 350உம் புல்லட் 350உம் 195 கிலோ. ஓடும்போது இந்த வேறுபாடு தெரியாது, நிற்கும்போதுதான் தெரியும். அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளப் பார்க்கிங்கில், இரண்டு தூண்களுக்கும் ஒரு காருக்கும் நடுவில் விடப்பட்ட வண்டியைக் காலையில் பின்னோக்கித் தள்ளி எடுக்க வேண்டும். தரை வழவழப்பான டைல்ஸாக இருக்கும், அதில் வாட்ச்மேன் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருப்பார், வாசலை நோக்கித் தண்ணீர் வடிவதற்காகத் தரையே லேசாகச் சரிந்திருக்கும். அந்தச் சரிவில் 195 கிலோவை மேல்நோக்கிப் பின்னால் இழுப்பது என்பது தினமும் காலையில் ஒரு முறை செய்ய வேண்டிய வேலை. அலுவலகத்தில் பார்க்கிங் ஊழியர் நெருக்கி அடுக்கிவைத்த வரிசையிலிருந்து மாலையில் அதை இன்னொரு முறை செய்ய வேண்டும். ஷோரூமில் டெஸ்ட் ரைடு கேட்டால் வாசலில் சாலையைப் பார்த்து நிறுத்தப்பட்ட வண்டியைத்தான் தருவார்கள். அதை வாங்கி, அணைத்து, இறங்காமல் கால்களாலேயே பத்தடி பின்னால் தள்ளிப் பாருங்கள். அதன் பிறகு ஓட்டிப் பார்த்தால் போதும்.

சீட்டின் உயரமும் இதோடு சேர்ந்தது. கிளாசிக்கின் சீட் 805 மில்லிமீட்டர் உயரத்திலும், ஹன்டர் 350இன் சீட் 790 மில்லிமீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. ஒன்றரை சென்டிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம்; ஐந்தேகால் அடி உயரமுள்ளவருக்கு அது குதிகால் தரையில் படுவதற்கும், விரல்நுனி மட்டும் படுவதற்கும் உள்ள வேறுபாடு. சீட்டின் அகலம் இன்னொரு செய்தி. அகலமான சீட் தொடைகளை விரித்துவிடுவதால், எழுதப்பட்ட உயரத்தைவிட நடைமுறையில் உயரமாகவே உணரப்படும்.

இந்த இரண்டு அளவுகோல்களையும் வைத்துப் பார்த்தால், 2022 ஆகஸ்டில் வந்த ஹன்டர் 350 ஏன் இவ்வளவு பரவியது என்பது புரிகிறது. கிளாசிக்கில் உள்ள அதே இன்ஜினையே இதிலும் வைத்து, சக்கரங்களை 17 அங்குலமாகச் சிறிதாக்கி, இரு சக்கரங்களுக்கும் இடையிலான தூரமான வீல்பேஸை 1,370 மில்லிமீட்டராகக் குறைத்து, எடையை 181 கிலோவுக்குக் கொண்டுவந்தார்கள். முன்சக்கரம் 19 அங்குலமாக உள்ள கிளாசிக்கை யூ-டர்ன் எடுக்கும்போது வண்டி தன் விருப்பத்துக்குச் சற்று அகலமாகப் போகும். ஹன்டர் நாம் பார்க்கும் இடத்துக்கு உடனே திரும்பும். பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் நடுவே நுழையும்போது இதன் அருமை தெரியும். முதலில் வந்த ஹன்டரின் பின்பக்க சஸ்பென்ஷன் மிகவும் விறைப்பாக இருந்தது. பின்னால் அமர்பவர் குண்டுகுழிகளை எண்ணிச் சொல்லிவிடலாம். 2025இல் வந்த மாற்றத்தில் பின் ஸ்பிரிங்குகளைத் திருத்தி, தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளியை 160 மில்லிமீட்டராக உயர்த்தி, கிளட்ச்சையும் இலகுவாக்கியிருக்கிறார்கள். பழைய ஹன்டரை இரண்டாம் கையாக வாங்குவோர் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கிளாசிக், புல்லட் ஆகியவற்றின் மேல் எனக்கும் கண் உண்டு. ஹெட்லைட்டின் இரண்டு புறமும் சிறு கண்களாக எரியும் அந்தப் பைலட் விளக்குகள் 1954 முதல் இன்றுவரை தொடர்கின்றன. புல்லட்டின் சில நிறங்களில் டேங்க்கின் மேலுள்ள பொன்னிறக் கோட்டை இன்றும் தூரிகையைக் கையில் பிடித்தே இழுக்கிறார்கள். டேங்க்கின் வளைவில் கைநடுக்கம் சிறிதும் இல்லாமல் ஒரே மூச்சில் இழுக்கப்படும் அந்தக் கோட்டை உற்றுப் பார்த்தால், முடியும் இடத்தில் வண்ணம் சற்றே தடித்திருப்பது தெரியும். ஸ்டார்ட்டர் சுவிட்ச்சும் ஹெட்லைட் சுவிட்ச்சும் பழைய வானொலிப்பெட்டியின் குமிழ் போல வட்டமாக, ‘டக்’கென்ற அழுத்தமான சத்தத்துடன் திரும்புகின்றன. இவையெல்லாம் மகிழ்ச்சி தருபவைதான். நெடுஞ்சாலையில் அடிக்கடி செல்பவர்களுக்கு அந்த எடையே நிலைத்தன்மையாக மாறிவிடும் என்பதும் உண்மை. இருந்தாலும் வாரத்தில் ஐந்து நாள் நகருக்குள்ளேயே சுற்றுபவருக்கு நான் ஹன்டரைத்தான் சொல்வேன்.

ஹோண்டா சிபி350 குடும்பத்தில் இன்ஜின் மிகவும் பக்குவமானது. இந்த 350களில் நீண்ட நேரம் ஓட்டுவதற்கு இதுவே சுகமானது என்பது என் கருத்து. ஹைனெஸ்ஸின் எடையும் 181 கிலோதான்; ஆனால் முன்சக்கரம் 19 அங்குலமாக இருப்பதால் ஹன்டரைப் போலச் சுறுசுறுப்பாகத் திரும்பாது. பெரிய நகரங்களுக்கு வெளியே இதற்கான ‘பிக்விங்’ ஷோரூம்கள் குறைவு என்பதால், திருவாரூர் பக்கமோ தேனி பக்கமோ இருப்பவர்கள் சர்வீஸுக்கு எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கும் என்று பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

பேச்சில் அதிகம் அடிபடாத, ஆனால் தினசரிப் பயணத்துக்கு மிகப் பொருத்தமான வண்டி ஓசூர்க்காரர்களுடைய டிவிஎஸ் ரோனின். 2022 ஜூலையில் வந்த இந்த வண்டியைப் பழைய பாணி என்று முழுமையாகச் சொல்ல முடியாது. வட்ட விளக்குக்குள் ஆங்கில ‘T’ எழுத்தைப் போன்ற நவீன விளக்கு எரியும், முன்பக்க ஃபோர்க் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருக்கும். தூய்மைவாதிகள் முகம் சுளிப்பார்கள். ஆனால் உழைக்கும் குணத்தை எடுத்துக்கொண்டார்களா என்ற என் கேள்விக்கு இதுதான் நேரான பதிலைத் தருகிறது. 225.9 சிசி இன்ஜின், 20 குதிரைத்திறன், ஏறத்தாழ 20 நியூட்டன் மீட்டர் டார்க்கை 3,750 ஆர்பிஎம்மில் தருவது, 160 கிலோ எடை, 14 லிட்டர் டேங்க் ஆகியவை நகரத்துக்காகவே கணக்கிடப்பட்டவை. ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளட்ச்சை மெதுவாக விட்டாலே நடைவேகத்தில் வண்டி நகரும்படி இன்ஜினைச் சீரமைத்திருக்கிறார்கள்; மெட்ரோ பணிக்காகக் குறுக்கப்பட்ட சாலையில் இந்த வசதிக்காகவே நன்றி சொல்லலாம். ஸ்டார்ட் செய்யும்போது வழக்கமான ‘கர்ர்’ சத்தம்கூட வராது. மைலேஜிலும் 350 சிசி வண்டிகளைவிட இது முன்னே நிற்கும். அவை நெரிசலில் லிட்டருக்கு 30 முதல் 35 கிலோமீட்டர் வரை ஓடும் என்றே எதிர்பார்க்க வேண்டும்.

இன்னும் எடை குறைவாக வேண்டும் என்றால் கவாசாகி டபிள்யூ175 இருக்கிறது: 135 கிலோ, 177 சிசி, காற்றாலேயே குளிரும் எளிய இன்ஜின். உருவத்தில் இதைவிட உண்மையான பழைய வண்டி இந்த விலையில் கிடையாது. ஆனால் இன்ஜினின் இழுவை முழுதாகக் கிடைக்க 6,000 ஆர்பிஎம் வரை முறுக்க வேண்டும்; இருவர் ஏறி மேம்பாலத்தில் போகும்போது இழுவை போதாது. யமஹா எஃப்இசட்-எக்ஸ் 150 சிசி வகுப்பில் நம்பகமான வண்டி, தோற்றத்தில் மட்டும் அரைகுறை. ஜாவாவும் யெஸ்டியும் பார்வைக்கு மயக்குபவை. 2018இன் ஜாவாவில் ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர் வைத்த பழைய மைசூர் வழக்கத்தையும் காப்பாற்றினார்கள். லிக்விட் கூலிங் இன்ஜின் என்பதால் பழைய புல்லட்டின் நிதானத்தை அவற்றில் எதிர்பார்க்கக் கூடாது.

ட்ரையம்ஃப் ஸ்பீடு 400 சிறந்த வண்டி. 176 கிலோ எடைக்கு 40 குதிரைத்திறன் என்பது விளையாட்டில்லை. ஆனால் பின்பார்வைக் கண்ணாடிகளை ஹேண்டில்பாரின் இரு முனைகளிலும் வெளிப்புறமாக நீட்டி வைத்திருக்கிறார்கள். பழைய பந்தய வண்டிகளின் பாணி அது. நம் ஊர் சிக்னலில் இரண்டு கார்களுக்கு நடுவே நுழையும்போது இந்தக் கண்ணாடிதான் முதலில் காரின் கண்ணாடியை இடிக்கும். வாங்கியவுடன் பலர் அதைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் கண்ணாடி மாட்டிக்கொள்கிறார்கள். முகத்தை எடுத்துக்கொண்டு குணத்தை விட்டுவிடுவது என்று நான் சொல்வது இத்தகைய இடங்களைத்தான்.

குடும்பத்தோடு பயன்படுத்துபவர்கள் பின்சீட்டைத் தனியாகப் பார்க்க வேண்டும். பழைய ராஜ்தூத்திலும் யெஸ்டியிலும் ஒரே நீளச் சமதள சீட் இருந்தது; மூன்றாவதாக ஒரு குழந்தையையும் நடுவில் வைத்துக்கொண்டு போனார்கள் (சட்டம் அதை ஒப்புக்கொள்ளாது என்பது வேறு). இன்றைய வண்டிகள் சிலவற்றில் பின்சீட்டைத் தனித் துண்டாக்கி, அஞ்சல் தலை அளவுக்குச் சுருக்கிவிட்டார்கள். படத்தில் அழகாகத்தான் இருக்கும். அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும்போதுதான் அந்த அழகின் விலை தெரியும். பின்சக்கரத்தின் பக்கவாட்டைப் பாதியளவேனும் மூடும் சேலை கார்டும், பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் வண்டியில் இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. ஆனாலும் தோற்றத்தைக் கெடுக்கிறது என்று டெலிவரி எடுத்த அன்றே சேலை கார்டைக் கழற்றி வீட்டுப் பரணில் போடும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. புடவையோ துப்பட்டாவோ ஸ்போக் சக்கரத்தில் சிக்கினால் என்ன நடக்கும் என்பதை எலும்பு முறிவு மருத்துவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஸ்போக் என்றதும் சக்கரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கம்பிச் சக்கரம் இல்லாமல் இந்தப் பாணியே இல்லை என்று சிலர் வாதிடுவார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த விலை வண்டிகளின் ஸ்போக் சக்கரங்களில் டியூப் உண்டு. டியூப் டயரில் ஆணி ஏறினால் காற்று சில நிமிடங்களில் இறங்கிவிடும். சக்கரத்தைக் கழற்றி, டயரை நெம்பி, டியூபை வெளியே எடுத்து ஒட்ட வேண்டும். ஐப்பசி மழையில் முழங்கால் தண்ணீரில் 195 கிலோவைத் தள்ளிக்கொண்டு பஞ்சர் கடையைத் தேட வேண்டியிருக்கும். அலாய் வீலில் டியூப்லெஸ் டயர் இருந்தால், ஆணியோடு அப்படியே ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேரலாம். நானாக இருந்தால் தயங்காமல் அலாய் வீல் வகையையே எடுப்பேன். அழகு இரண்டாம் பட்சம். அதுபோலவே, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 முதல் கட்டாயம் என்றாலும், மலிவான வகைகளில் அது முன்சக்கரத்துக்கு மட்டுமே இருக்கும். இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ், பின்பக்கமும் டிஸ்க் என்ற வகைக்குச் சில ஆயிரங்கள் கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவில்லை.

உதைத்து ஸ்டார்ட் செய்யும் கிக்கர் இந்தப் புதிய 350களில் கிடையாது. வண்டியின் உருவத்தைப் பார்த்துவிட்டுப் பெரியவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். ஃபியூல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் பேட்டரி முழுதாகச் செத்துவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் எளிதில்லை. பெட்ரோலை அனுப்பும் பம்ப்பும் அந்தப் பேட்டரியை நம்பித்தான் இருக்கிறது. ஆகவே வாரக்கணக்கில் நிறுத்திவைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இவை ஏற்றவை அல்ல. தினமும் ஓட்டுபவர்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. ஸ்டார்ட்டர் சுற்றும் சத்தம் மெலிந்து இழுவையாக வரத் தொடங்கும்போதே பேட்டரியைச் சோதித்துவிட்டால் போதும்.

விலையைப் பற்றி. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான இரு சக்கர வாகனங்களுக்கு ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. 350 சிசிக்கு மேற்பட்டவற்றுக்கு 40 விழுக்காடாக உயர்ந்தது. 349 சிசி, 348 சிசி என்று எல்லையைத் தொட்டும் தொடாமலும் நின்ற இன்ஜின்களுக்கு இது பெரும் வாய்ப்பாக அமைந்தது. வரிக் குறைப்பை ஒட்டி ஹன்டரின் தொடக்க விலை எக்ஸ்-ஷோரூமில் 1.37 லட்சத்துக்கும், ரோனின் சுமார் 1.25 லட்சத்துக்கும், புல்லட் 350 சுமார் 1.62 லட்சத்துக்கும், கிளாசிக் சுமார் 1.81 லட்சத்துக்கும் இறங்கின. ஆனால் எக்ஸ்-ஷோரூம் விலையைப் பார்த்து மனக்கணக்குப் போட வேண்டாம். தமிழ்நாட்டில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2023 நவம்பர் முதல் சாலை வரி 12 விழுக்காடு. அதன்மேல் ஐந்தாண்டு மூன்றாம் தரப்புக் காப்பீடும் கட்டாயம். ஆக, ஒன்றரை லட்ச ரூபாய் வண்டிக்கு எப்படிப் பார்த்தாலும் 25,000 ரூபாய்க்கு மேல் கூடிவிடும். அதற்கும் மேலே லெக் கார்டு, சீட் கவர், பளபளப்புப் பூச்சு, நீட்டிக்கப்பட்ட வாரண்டி என்று ஷோரூமில் ஒரு நீண்ட பட்டியலை நீட்டுவார்கள். லெக் கார்டை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். மற்றதெல்லாம் வெளியிலும் கிடைக்கும், அல்லது தேவையே இல்லை.

‘புதிய வண்டியில் பழைய தோற்றத்தை வாங்குவதற்குப் பதில் உண்மையான பழைய வண்டியையே வாங்கிவிடலாமே’ என்று கேட்பவர்கள் உண்டு. வார இறுதிக்கு என்றால் தாராளமாக வாங்கலாம். தினசரிக்கு என்றால் சில விஷயங்களை யோசிக்க வேண்டும். பதினைந்து ஆண்டு முடிந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பித்தாக வேண்டும், பசுமை வரி கட்டியாக வேண்டும். இன்று பங்க்கில் கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல், அந்தக் கால வண்டிகளின் ரப்பர் குழாய்களுக்கும் கார்புரேட்டரின் வாஷர்களுக்கும் ஒத்துவராது. முன்னும் பின்னும் டிரம் பிரேக். பழைய புல்லட்டில் கியர் வலது காலிலும் பிரேக் இடது காலிலும் இருக்கும். அவசரத்தில் கால் பழக்கப்படி போனால், நிறுத்த நினைத்த இடத்தில் கியர்தான் மாறும். சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைக்கும் டீகம்ப்ரஸரை அழுத்தி, அம்மீட்டரின் முள் நடுவில் வரும்வரை கிக்கரை மெதுவாக மிதித்து, பிறகு ஒரே உதை கொடுக்கும் கலையைத் தெரிந்த பெரியப்பாக்கள் அதில் பெருமை கொள்வதில் நியாயம் இருக்கிறது. காலை எட்டரை மணிக்குப் பஞ்ச் வைக்க ஓடுபவருக்கு அந்தக் கலைக்கு நேரமில்லை.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியவை அதிகமில்லை. செயினை 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை துடைத்து எண்ணெய் இடுவது, மழைக்காலத்தில் இன்னும் அடிக்கடி செய்வது, டயர் காற்றைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை பார்ப்பது ஆகியவற்றோடு, குரோம் பாகங்களையும் கவனிக்க வேண்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் குரோம் பூச்சு உப்புக்காற்றில் ஒரே மழைக்காலத்தில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கத் தொடங்கும். அங்கே வசிப்பவர்கள் குரோம் மிகுந்த வகையைத் தவிர்த்துக் கறுப்புப் பூச்சுள்ள வகையை எடுப்பது நல்லது; அல்லது வாரம் ஒரு முறை துணியும் மெழுகும் எடுத்து உட்கார மனம் வேண்டும்.

இன்று என்னைக் கேட்டால், தனியாகவோ எப்போதாவது ஒருவரை ஏற்றிக்கொண்டோ நகருக்குள் ஓட்டுபவருக்கு ரோனின். ‘350 சிசியே வேண்டும், அந்த இழுவைதான் வேண்டும்’ என்பவருக்கு 2025க்குப் பிந்தைய ஹன்டரில் அலாய் வீலும் இரட்டை ஏபிஎஸ்ஸும் உள்ள வகை. மாதம் இரு முறையாவது சொந்த ஊருக்கு நெடுஞ்சாலையில் போய் வருபவருக்கு, அருகில் ஷோரூம் இருந்தால், ஹோண்டா சிபி350. எதை எடுப்பதாக இருந்தாலும் டெஸ்ட் ரைடை மாலை ஆறு மணிக்குக் கேளுங்கள், வழக்கமாகப் பின்னால் அமர்பவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். முடியாது என்று சொல்லும் ஷோரூமை விட்டு அடுத்த ஷோரூமுக்குப் போங்கள்.